செங்கா ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டாள்

இன்வர்கெல்லிக்கு நான் குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் அப்படி ஒரு வெயிலை வீணாக்கக்கூடாது என்று, ஒரு வாரத் துணியையும் துவைத்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த பொதுப் புல்வெளியில் காயப்போட்டேன். கடைசித் துண்டுக்குக் கிளிப் மாட்டும்போது பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. குட்டையான, தோள் அகன்ற ஒரு பெண் வந்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. என் துணிகளை ஒவ்வொன்றாகக் கயிற்றிலிருந்து கழற்றிக் கூடையில் போட ஆரம்பித்தாள்.

"கோச்சுக்காதம்மா. இந்தத் தெருவுல ஞாயித்துக்கிழமை யாரும் துணி போட மாட்டோம். சர்ச்சு விடறதுக்குள்ள எடுத்துடுவோம், வா. உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. சொல்லாமலே இருந்துட்டு, அப்புறம் பத்து வருஷம் பேசுவாங்க."

ஈரத் துணியோடு நாங்கள் இருவரும் உள்ளே போனபோது தெருமுனையில் கறுப்புத் தொப்பிகள் தெரிந்தன. அவள்தான் செங்கா மோவட். ஆக்னஸ் என்ற பெயரைப் பின்னாலிருந்து திருப்பி வைத்தால் வருகிற பெயர். அந்தப் பக்கத்தில் அது சாதாரணம்.

புதிய ஊரில் எழுதாத சட்டம் எதையாவது மீறிவிடுவோமோ என்ற பயம் என்னை விட்டுப் போனதில்லை. அன்றைக்கு அந்தப் பயத்தைப் பங்குபோட்டுக்கொள்ள ஓர் ஆள் கிடைத்தாள். இரண்டாவது சட்டத்தையும் அவள்தான் சொன்னாள்: மழை வந்தால், வீட்டில் இருப்பவர் யாரோ அவர் எல்லோருடைய துணியையும் எடுத்து, மடித்து, அவரவர் வாசலில் வைத்துவிட வேண்டும். நான் மருந்துக்கடையில் வேலை முடித்து வரும்போது என் துணிகள் வாசலில் அடுக்கி இருக்கும். மடிப்பைப் பார்த்தே செங்கா எடுத்ததா, யூஃபி ராட்ரே எடுத்ததா என்று சொல்லிவிடுவேன். யூஃபி எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரி, சர்ச்சில் முதல் வரிசை. அவள் மடித்தால் உள்ளாடைகள் எல்லாவற்றுக்கும் அடியில், யார் கண்ணிலும் படாமல் இருக்கும்.

எங்கள் புல்வெளிக்கு அப்பால் ஒரு கல்சுவர். சுவருக்கு அந்தப்புறம் கோல்ஃப் மைதானத்தின் பதினேழாவது குழி. செங்காவுக்கு வாழ்க்கை இந்தச் சுவரின் இரண்டு பக்கமும்தான். குளிர்காலத்தில் ஓட்டல் சலவை அறையில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுவாள். மற்ற மாதங்களில் பை தூக்குவாள். ஆடுகிறவரின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடந்து, எந்த மட்டையால் எவ்வளவு அடிக்கலாம் என்று யோசனையும் சொல்கிற வேலை அது. எங்கள் ஊரில் பைதூக்கி என்றால் கொஞ்சம் மரியாதையும் நிறையக் கிண்டலும் உண்டு.

அவள் தூக்கியது முக்கால்வாசியும் ஒரே ஆளின் பையை. ரானல்ட் டோஷ், மீன் வறுவல் கடைக்காரரின் மகன், பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்பு. அவன் அடிப்பான், அவள் பந்து போன இடத்தைப் பார்த்து வைப்பாள். அப்படித் தொடங்கியது. அவன் தொழில்முறை ஆட்டக்காரன் ஆனதும் அவளும் கூடப் போனாள். போர்ச்சுகல், துருக்கி, இங்கிலாந்தில் பேர் தெரியாத ஊர்கள் எல்லாம். பெரிதாக எதையும் அவன் ஜெயிக்கவில்லை. பிழைப்பு நடந்தது, அவ்வளவுதான். ஒருமுறை, "நீங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு எப்பவாவது நினைச்சதுண்டா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் சிரித்த சிரிப்பில் டீக்கோப்பை தளும்பியது.

"அவனையா? பந்து மணல் பள்ளத்துல விழுந்தா அழறவன்மா அவன். வீட்லயும் அழுதா யாரு பாக்கறது?"

ஆனால் அவள் வீட்டு முன்னறையில், கணப்புக்கு மேலே, படம் எதுவும் மாட்டாத வெற்றுச் சுவரில் ஒரே ஓர் ஆணி இருந்தது. கோல்ஃபில் ஒரு வழக்கம். போட்டியை ஜெயித்தவருக்குக் கோப்பை. அவருடைய பைதூக்கிக்குக் கடைசிக் குழியில் நட்டிருந்த கொடி. அந்தக் கொடியைக் கம்பத்திலிருந்து கழற்றி, மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டு போவார்கள். பதினாறு பதினேழு வயதில் ரானல்ட் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்: பெரிய போட்டி ஒன்றை ஜெயித்தால் அந்தக் கொடி அவள் சுவரில். ஆணியை அவனே அடித்துக் கொடுத்தானாம். கோணலாகத்தான் அடித்திருந்தான்.

அந்தக் கோடையில் வடகடல் சாம்பியன்ஷிப் எங்கள் ஊருக்கு வந்தது. தொலைக்காட்சி வண்டிகள், பார்வையாளர் மாடங்கள், கடற்கரை நெடுகக் கூடாரங்கள். உள்ளூர்த் தகுதிச்சுற்றில் ஜெயித்து ரானல்டும் உள்ளே வந்துவிட்டான். ஐம்பதைத் தொடப் போகிற வயதில், பிறந்த ஊர் மைதானத்தில். பேக்கரியில் அவன் பேரில் கேக் சுட்டு விற்றார்கள்.

பதினேழாவது குழியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தூரம் அதிகமில்லை, ஒரே அடியில் பந்து குழிப்பக்கம் போய்விட வேண்டும். அடிக்கும் திட்டு இரண்டு மணல்மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது. குழி இருக்கும் புல்தளமும் பள்ளம்தான். அங்கே நின்றால் காற்றே தெரியாது. குழியின் கொடி செத்த மாதிரி தொங்கும். ஆனால் பந்து பறக்கிற உயரத்தில் கடல்காற்று அதன் இஷ்டத்துக்கு வீசிக்கொண்டிருக்கும். அதனால் உள்ளூர்ப் பைதூக்கிகள் கொடியைப் பார்ப்பதே இல்லை. சுவருக்கு மேலே, மேட்டில் இருக்கும் எங்கள் கயிறுகளைத்தான் பார்ப்பார்கள். எங்கள் துணி எந்தப் பக்கம் பறக்கிறது, எவ்வளவு பறக்கிறது என்று.

"யூஃபியம்மாவோட உள்பாவாடை மாதிரி காத்தை யாரும் காட்ட முடியாது," என்பான் லாக்கி. செங்காவோடு பை தூக்கிய பழைய சிநேகிதன். "அந்த அம்மா நூறு வருஷம் இருக்கணும்."

தொங்குகிற துணியைப் பார்த்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் ஆடுகிறவருக்காக யாரையாவது சொல்லித் தொங்கவிடச் செய்தால் அது விதிமீறல். தெரிந்தால் ஆட்டக்காரரைப் போட்டியிலிருந்தே தூக்கிவிடுவார்கள். இதையும் செங்காதான் ஒரு தடவை பேச்சுவாக்கில் எனக்குச் சொன்னாள்.

போட்டி தொடங்குவதற்கு முன்னால் தொலைக்காட்சிக்காரர்கள் வந்து, நான்கு நாளும் துணி போடாமல் இருக்க முடியுமா, படத்தில் அசிங்கமாகத் தெரிகிறது என்று கேட்டார்கள். யூஃபி அவர்களை வாசலிலேயே நிறுத்தி, "எங்க துணி சுத்தமான துணி. அசிங்கம் உங்க கண்ணுல," என்று சொல்லி அனுப்பினாள். ஆக வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் கயிறு நிறையத் துணி. ரானல்ட் மூன்று நாளும் பதினேழாவதில் பந்தைக் குழிப்பக்கம் கொண்டுபோய் வைத்தான். கோல்ஃபில் குறைவான அடியில் முடித்தவருக்குத்தான் வெற்றி; சனிக்கிழமை ஆட்டம் முடிந்தபோது எல்லோரையும்விட இரண்டு அடி குறைவாக அடித்து முன்னால் இருந்தான். அவனுக்கு அடுத்து ஸ்டெய்னார் என்ற நார்வேக்காரர். அவருக்குப் பை தூக்கியவன் லாக்கி.

அன்று சாயங்காலம் செங்காவின் தோளுக்குத் தைலம் கொடுக்கப் போயிருந்தேன். அடுப்பில் பார்லி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. நாற்காலி முதுகில் அவளுடைய வெள்ளை மேலங்கி கிடந்தது. பைதூக்கிகளுக்குப் போட்டியில் கொடுப்பது, கையில்லாதது. முதுகில் ஆட்டக்காரரின் பெயர் இருக்கும். டோஷ் என்ற எழுத்துகள் என்னைப் பார்த்தபடி இருந்தன.

ரானல்ட் பின்கதவு வழியாக, எப்போதும்போலத் தட்டாமல் வந்தான். ஆனால் உட்காரவில்லை.

"உக்காருடா. சூப்பு ஆயிடுச்சு."

"இல்ல செங்கா, கார் நிக்குது."

"காருக்கு என்ன, ஓடியா போயிடும்? உக்காரு."

அவன் என்னைப் பார்த்தான். நான் எழுந்தேன். செங்கா என் தோளில் கை வைத்து உட்கார்த்தினாள்.

"அவ இருக்கட்டும். என்ன விஷயம்?"

"நாளைக்கு நீ வர வேண்டாம்."

செங்காவுக்கு அது விளையாட்டாகத்தான் பட்டது. "ஏன், நீயே தூக்கிக்கப் போறியா? முதுகு பிடிச்சுக்கும்டா கெழவா."

"ஃபுளோரிடாலேருந்து ஒருத்தரை வரவழைச்சிருக்காங்க. நாலு பெரிய போட்டி ஜெயிக்க வச்ச ஆளு. கடைசி நாளு வேற மாதிரின்னு மானேஜர் சொல்றாரு. அனுபவம் இருக்கறவங்க பக்கத்துல இருக்கணுமாம்."

"மானேஜரு கெடக்கான். உனக்கு என்ன தோணுது?"

ரானல்ட் சூப் பாத்திரத்தைப் பார்த்தான். "எனக்கும் அதான் சரின்னு படுது."

செங்கா அடுப்பை அணைத்தாள். அகப்பையைத் தட்டில் வைத்தாள். ஏதோ பெரிதாகக் கத்தப் போகிறாள் என்று நான் பயந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்ப கொடி அந்த ஆளுக்கா?"

"கொடியில என்னடி இருக்கு? ஒரு முழம் துணி. உனக்கு நான் வேற எதாவது நல்லதா..."

"சரி, போ."

அவன் போகவில்லை. கதவில் கைவைத்தபடி நின்றான். வெளியே எங்கள் கயிறுகளில் யூஃபி துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கயிறு காலியாகிவிட வேண்டும்.

"செங்கா, நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

"அதுக்கு?"

"கயித்துல ஒண்ணும் இருக்காது."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"எதாவது ஒண்ணு போட்டு வையேன்," என்றான் அவன், ரொம்பத் தணிந்து. "சின்னதா ஒண்ணு. உனக்குத் தெரியாததா? யாரும் கவனிக்க மாட்டாங்க."

தெருவின் சட்டத்தையும் ஆட்டத்தின் சட்டத்தையும் ஒரே மூச்சில் மீறச் சொல்கிறான் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதுவும் ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் அவளை வேண்டாம் என்றவன்.

"கார் நிக்குதுன்னியே," என்றாள் செங்கா.

அவன் போன பிறகு எனக்கு ஒரு கிண்ணம் சூப் ஊற்றிக் கொடுத்தாள். அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் நான் போனபோது அவள் தொட்டியில் எதையோ கையால் கசக்கிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். அந்த மேலங்கி.

"வேண்டாம் செங்கா."

"அழுக்கு."

"அவன் கேட்டதுக்காகவா?"

"கேக்காம இருந்திருந்தா நிம்மதியா உக்காந்து டிவி பாத்திருப்பேன். கேட்டுத் தொலைச்சிட்டான். இனிமே நான் போடாம இருந்து அவன் தோத்தா, நான் தோக்கடிச்ச மாதிரி ஆயிடும்ல? இத்தனை வருஷம் அவனுக்குக் காத்தைச் சொன்னவ, இன்னிக்கு மட்டும் பொய் சொல்லவா?"

"ஆனா அது தப்புன்னு நீதானே..."

"கேட்டது அவன் தப்பு. நான் என் துணியைத் துவைக்கறேன்."

மேலங்கியை உதறி, தோள் இரண்டிலும் கிளிப் போட்டு, காலியான கயிற்றின் நட்டநடுவில் தொங்கவிட்டாள். மூடுபனி விலகி வெயில் அடித்தது. டோஷ் என்ற பெயர் மைதானத்தைப் பார்த்து நின்றது.

யூஃபி சர்ச் உடுப்போடு நேராகப் புல்வெளிக்கே வந்தாள்.

"இன்னிக்கு என்ன கிழமைன்னு மறந்துட்டியா செங்கா?"

"ஞாபகம் இருக்கு யூஃபியம்மா."

"ஆண்டவர் ஓய்வெடுத்த நாளு."

"உங்க மாடியை டிவிக்காரனுக்கு வாடகைக்கு விட்டிருக்கீங்களே. அவன் மேல ஓய்வா எடுத்துட்டிருக்கான்?"

யூஃபியின் முகம் சிவந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தாள்; அதைச் செய்தது நான்தான் என்பது போல. பிறகு செங்காவிடம், "உங்க அம்மா இருந்திருந்தா இதைப் பாத்துத் தாங்கியிருக்க மாட்டா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அந்த வார்த்தைதான் செங்காவைத் தொட்டது. கிளிப்பைச் சரிசெய்வது போலக் கொஞ்ச நேரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானத்துக்கு மேல் அலை திரும்பியது, அதோடு காற்றும் திரும்பியது. காலையில் கரையிலிருந்து கடலுக்கு வீசிக்கொண்டிருந்தது, இப்போது கடலிலிருந்து வீடுகளைப் பார்த்து வீச ஆரம்பித்தது. மேலங்கி எங்கள் பக்கமாக விறைத்து நின்று படபடத்தது. அடிக்கும் திட்டிலிருந்து பார்த்தால் காற்று முதுகுக்குப் பின்னால். பந்து நினைத்ததைவிடத் தூரம் போகும். பள்ளத்தில் குழியின் கொடி அசையவில்லை. மாடத்தின் கொடிகளோ மாடமே திருப்பிவிட்ட காற்றில் ஆளுக்கொரு திசையில் ஆடின.

செங்காவின் மாடி ஜன்னலில் நாங்கள் இருவரும் நின்றோம். முதலில் வந்தது ஸ்டெய்னாரும் லாக்கியும். ரானல்டுக்கு அப்போதும் இரண்டு அடி பின்னால்தான் இருந்தார்கள். லாக்கி பையை இறக்கினான், வழக்கம்போலச் சுவருக்கு மேலே பார்த்தான், ஞாயிற்றுக்கிழமை என்று நினைவு வந்து தலையைத் திருப்பினான், மறுபடி சட்டென்று பார்த்தான். கையைக் கண்ணுக்கு மேலே வைத்து நன்றாகப் பார்த்தான். பிறகு நார்வேக்காரர் எடுத்திருந்த மட்டையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு ஒன்பதாம் நம்பரைக் கொடுத்தான். எண் கூடக்கூடப் பந்து குறைவான தூரமே போகும். பந்து எழும்பி, காற்றில் ஏறி, குழிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அடுத்த அடியில் உள்ளே. மாடம் அதிர்ந்தது. இப்போது வித்தியாசம் ஒரே அடி.

"பரவால்ல," என்றாள் செங்கா. "அவன் பாத்தா இவனும் பாப்பான்."

ரானல்ட் வந்தான். ஃபுளோரிடாக்காரர் நெட்டையான ஆள், கறுப்புக் கண்ணாடி. புத்தம்புது மேலங்கியில் டோஷ். ரானல்ட் திட்டில் நின்று நேராக எங்கள் கயிற்றைப் பார்த்தான். பிறகு நாங்கள் நின்ற ஜன்னலைப் பார்த்தான். செங்கா கையசைக்கவில்லை, சுவாசிக்கவும் இல்லை என்று நினைக்கிறேன். அவன் எட்டாம் நம்பரில் கை வைத்தான். ஃபுளோரிடாக்காரர் குனிந்து ஏதோ சொன்னார். குழியின் கொடியைக் காட்டினார். எங்கள் சுவர்ப்பக்கம் கையை ஆட்டினார், அதெல்லாம் தெருவில் அடிக்கிற காற்று என்பது போல. ரானல்ட் இன்னொரு தடவை மேலங்கியைப் பார்த்தான்.

எட்டாம் நம்பரை உள்ளே விட்டுவிட்டு ஆறாம் நம்பரை உருவினான்.

"டேய்," என்றாள் செங்கா, கண்ணாடியில் மூச்சுப்பட. "பாத்தேல்ல. பாத்துட்டுமாடா?"

நல்ல அடி. அவன் வாழ்க்கையிலேயே அதைவிடச் சுத்தமான அடி அடித்திருக்க மாட்டான். பந்து குழியைத் தாண்டியது, சுவரைத் தாண்டியது, எங்கள் புல்வெளியில் ஒருமுறை குதித்து, மேலங்கிக்கு நேர் கீழே வந்து நின்றது. எல்லைக்கு வெளியே. போன அடிக்கும் தண்டனை, திரும்ப அடிக்கவும் வேண்டும். மூன்றில் முடிய வேண்டிய குழி ஐந்தில் முடிந்தது. கடைசிக் குழியில் எதுவும் மாறவில்லை. ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் வடகடல் சாம்பியன்ஷிப்பை நார்வேக்காரர் ஜெயித்தார்.

செங்கா கீழே இறங்கவில்லை. தொலைக்காட்சியில் அவள் கயிற்றையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள்: அவன் பெயர், அதன் கீழே அவன் பந்து. பிறகு திரையில் ரானல்ட் வந்தான். கண் சிவந்திருந்தது. அந்தத் துணியைக் கவனித்தீர்களா என்று நிருபர்கள் கேட்டார்கள்.

"எப்படிக் கவனிக்காம இருக்க முடியும்?" என்றான். "ஞாயித்துக்கிழமை இந்த ஊர்ல யாரும் துணி போட மாட்டாங்க. அன்னிக்குப் பாத்து, என் பேரை, என் கண்ணுக்கு நேரா. நேத்து வரைக்கும் என் பை தூக்கினவங்க வீடு அது. ஏன் போட்டாங்கன்னு அவங்களைத்தான் கேக்கணும்."

நான் செங்காவைப் பார்த்தேன். அவள் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவன் இன்னும் ஏதோ சொல்லப் போகிறான் என்பது போல. அவன் சொல்லவில்லை. வானிலை போட்டுவிட்டார்கள்.

அப்போது தூறல் ஆரம்பித்தது. எழுதாத சட்டப்படி யாராவது ஓடிவந்திருக்க வேண்டும். தெருவில் எல்லா வீட்டிலும் ஆள் இருந்தார்கள்; ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. ஒரு கதவும் திறக்கவில்லை. நான் வெளியே ஓடினேன். ஒரு கிளிப்பைக் கழற்றியும் விட்டேன். மாடி ஜன்னல் திறந்தது.

"விடு. அது அங்கயே இருக்கட்டும்."

கழற்றின கிளிப்பைத் திரும்ப மாட்டிவிட்டு வந்தேன்.

இருட்டுவதற்கு முன்னால் லாக்கி வந்தான். சட்டைக்குள்ளிருந்து மஞ்சள் கொடியை எடுத்து மேசையில் வைத்தான். கம்பத்தின் துரு ஓரமாக ஒட்டியிருந்தது.

"இது உன்னது செங்கா. உன் துணியைப் பாத்துத்தான் அடிச்சோம்."

"அது உனக்குப் போட்டதில்லடா."

"தெரியும். பேரு போட்டிருந்துச்சே." அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "அவன் பேசினதைக் கேட்டேன். அவனா இதைப் போடச் சொன்னான்? நிசத்தைச் சொல்லு. நானே போய் எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"எடுத்துட்டுப் போ லாக்கி. இதை வாங்கி மாட்டினா, காசுக்குப் போட்டேன்னு சொல்லுவாங்க. சொல்லாமப் போனாலும் எனக்கே அப்படித் தோணும்."

அவன் மடித்து எடுத்துக்கொண்டு போனான். கணப்புக்கு மேலே ஆணி அப்படியே இருந்தது.

வாங்கவில்லை, மாட்டவில்லை, ஆனாலும் சொன்னார்கள். நார்வேக்காரரிடம் விலைபோய்விட்டாள் என்று பேக்கரியில் சொன்னார்கள். கழற்றிவிட்ட ஆத்திரம், வேறென்ன என்று மருந்துக்கடையில் என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். பை தூக்கும் வேலை இல்லாமல் கோடையிலேயே அவள் திரும்பிப் போன ஓட்டல் சலவை அறையில் அவளோடு டீ குடிக்க ஆள் இல்லை. யூஃபி அவள் இருக்கும் பக்கமே திரும்பவில்லை. மழை வந்தால் தெருவில் எல்லார் துணியும் மடித்து வாசலில் இருக்கும். செங்காவுடையது கயிற்றில் சொட்டிக்கொண்டிருக்கும், நான் வேலையிலிருந்து வரும்வரை.

அந்த வாரமே போட்டி அமைப்பிலிருந்து ஒருவர் வந்தார். நீல கோட்டு, நல்ல மனிதர், டீக்கோப்பையைப் பிடித்த விரல்கூட மரியாதையாக இருந்தது. செங்கா என்னைக் கூட இருக்கச் சொன்னாள்.

"ஒரே ஒரு கேள்விதாங்க. அந்தத் துணியைப் போடச் சொல்லி உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?"

ரானல்ட் கைவைத்து நின்ற கதவு அவருக்குப் பின்னால்தான் இருந்தது. ஒரு வார்த்தை போதும். பேக்கரி, சலவை அறை, யூஃபி, எல்லாம் மறுபக்கம் திரும்பிவிடும். ரானல்ட் இனி எந்தப் போட்டியிலும் மட்டையைத் தொட முடியாது. நான் செங்காவின் காலை மேசைக்கு அடியில் மிதித்தேன். சொல்லு, சொல்லித் தொலை.

"யாரும் கேக்கலைங்க," என்றாள் அவள். "அழுக்கா இருந்துச்சு, துவைச்சேன்."

அவர் போனதும் நான் வெடித்தேன். "அவன் உன்னை ஊர் முன்னாடி அப்படிப் பேசியிருக்கான். நீ அவனைக் காப்பாத்தற!"

"காப்பாத்தலம்மா," என்றாள். "நான் சொன்னா அவனை ஆட்டத்தை விட்டே தூக்கிடுவாங்க. அப்ப, நான் அவனைக் கவுக்கத்தான் துணி போட்டேன்னு அவன் பேசினது நிசமாயிடும். அந்தச் சந்தோஷம் அவனுக்கு எதுக்கு?"

இலையுதிர்காலம் வந்தது. கூடாரங்கள் போயின. மேலங்கி போகவில்லை. செங்கா மற்றத் துணிகளைப் போட்டாள், எடுத்தாள். அதை மட்டும் தொடவில்லை. வெயிலும் உப்புக்காற்றும் பட்டு எழுத்து வெளிறியது. பதினேழாவதில் ஆட வருகிற பைதூக்கிகள் அதைப் பார்த்துத்தான் மட்டை எடுத்தார்கள், ஞாயிற்றுக்கிழமைகளிலும். வெளியூர்க்காரர்கள் சுவரில் ஏறிப் படம் பிடித்தார்கள்.

அக்டோபரில் ஒருநாள் ரானல்ட் வந்தான். பின்கதவுக்கு வரவில்லை, வேற்றாள் மாதிரி புல்வெளி ஓரத்தில் நின்றான். நான் என் கயிற்றில் இருந்தேன். செங்கா ஒரு போர்வையை உதறிக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்க?"

"இருக்கேன்."

"அன்னிக்கு நான் பேசினது..." அவன் தரையைப் பார்த்தான். "மைக்கைக் கொண்டுவந்து மூஞ்சில நீட்டிட்டாங்க. வேற என்னன்னு சொல்லியிருப்பேன்? உண்மையைச் சொல்ல முடியுமா?"

"முடியாதுதான்."

"நீ அந்த ஆள்கிட்ட சொல்லலையாமே. தேங்க்ஸ்."

செங்கா போர்வையின் நான்காவது முனைக்குக் கிளிப் போட்டாள். அவன் இன்னும் நின்றான். எதற்கு வந்தான் என்பது அப்போதுதான் வெளியே வந்தது.

"அதைக் கழட்டிடேன் செங்கா. எங்க போனாலும் அந்தப் படத்தைக் காட்டிச் சிரிக்கறாங்க. மூணு மாசம் ஆச்சு."

அவள் திரும்பி மேலங்கியைப் பார்த்தாள். கிட்டப் போய் அதன் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள், துணி காய்ந்துவிட்டதா என்று எந்தப் பெண்ணும் பார்க்கிற மாதிரி.

"இன்னும் ஈரமா இருக்குடா. காஞ்சதும் எடுத்துடறேன்."

கடல் பக்கமிருந்து தூறல் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் என் துணிகளையும் அவளுடைய போர்வையையும் எடுக்க ஆரம்பித்தேன். அவன் காரை நோக்கி நடந்தான்.